தேய்க்காமல் வரும் தூசு

அன்புள்ள ஐயா,

பின்லாந்தின் பைன் காடு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ‘வெயில் ஏற ஏற மரங்கள் நுண்துகள்களை வெளிவிடுகின்றன, பிறகு அவைதான் மேகத்துக்கு விதையாகின்றன’ என்று ஒரு வரி இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். நான் கோவையில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக கிரைண்டிங்கும் வெல்டிங்கும்தான். எனக்குத் தெரிந்து தூசு என்றால் எதையாவது அறுத்தாலோ தேய்த்தாலோ உடைத்தாலோ வருவது. யாரும் எதையும் தேய்க்காத காட்டில், அதுவும் அவ்வளவு சுத்தமான காற்றில், தூசு எங்கிருந்து வரும்? அழுக்கான ஊரில்தானே அதிகம் பிறக்க வேண்டும்? இன்னொன்று. வெல்டிங் அடிக்கும்போது நாங்கள் மூக்கில் துண்டைத்தான் கட்டிக்கொள்கிறோம். அது போதுமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். மகரந்தம் போன்றவற்றை விட்டுவிட்டால், மரங்கள் வெளிவிடுவது துகளை அல்ல, ஆவியை. அந்த ஆவி காற்றில் துகளாகிறது. எழுதும் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். நீங்கள் சரியாக அந்த இடத்தில் பிடித்துவிட்டீர்கள்.

உங்கள் பட்டறையில் இரண்டு வகைத் தூசும் இருக்கிறது. கிரைண்டரிலிருந்து தெறிக்கும் தூள் கீழே விழுகிறது, சாயங்காலம் பெருக்கி அள்ளிவிடலாம். ஜிஐ பைப்பை வெல்டிங் அடிக்கும்போது எழும் வெள்ளைப் புகையைப் பாருங்கள். பைப்பின் மேல்பூச்சாக இருக்கும் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். ஆர்க்கின் சூடு அதற்கு எவ்வளவோ மேலே. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவி கொஞ்சம் மேலே வந்து ஆறியதும் ஆக்சிஜனோடு சேர்ந்து வெள்ளைத் துகளாகிவிடுகிறது. அங்கே யார் எதைத் தேய்த்தார்கள்? இது உடைந்து சின்னதான தூசு இல்லை. மூலக்கூறு மூலக்கூறாகச் சேர்ந்து பெரிதான தூசு. அதனால்தான் கீழே விழாமல் தொங்கிக்கொண்டே இருக்கிறது. ஜிஐ வேலை செய்த ராத்திரி குளிரும் காய்ச்சலும் வருவதற்குக் காரணமும் இதுதான்.

காட்டில் நடப்பதும் இந்த இரண்டாவது வகைதான், ஆர்க் மட்டும் கிடையாது. பின்லாந்தில் தாம்பெரே நகருக்கு வடகிழக்கே ஹ்யூட்டியாலா என்ற இடத்தில் 1962இல் விதைத்து வளர்த்த பைன் காடு ஒன்று இருக்கிறது. 1996லிருந்து அங்கே காற்றிலுள்ள துகள்களை விடாமல் எண்ணி வருகிறார்கள். ஒரு வசந்தகாலத்து நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் 3 நானோமீட்டர் அளவில் துகள் ஏதும் தட்டுப்படாது. (ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70,000 நானோமீட்டர்.) வெயில் ஏறி பத்து, பதினொரு மணி ஆனதும் திடீரென்று ஒரு கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் முளைக்கின்றன. மணிக்கு இரண்டு, மூன்று நானோமீட்டர் என்று பருத்து, ராத்திரிக்குள் முப்பது நாற்பதை எட்டுகின்றன. நேரத்தைக் கிடையாகவும் அளவைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால் வளைந்த பட்டை ஒன்று கிடைக்கும். ஆராய்ச்சியாளர்கள் அதை வாழைப்பழம் என்றே சொல்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் மோரிஸ் பழம், பூவன் அவ்வளவு வளையாது.

அது ஏன் வெயில் வந்த பிறகு? காற்றில் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு எப்போதும் இருக்கிறது. எரிமலை, கடல், நிலக்கரி என்று அதற்குப் பல மூலங்கள். சூரிய ஒளி ஓசோனை உடைக்கும்போது, ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற துடுக்கான ஒரு துண்டு உண்டாகிறது. அது கந்தக டை ஆக்சைடைத் தொட்டுவிட்டால் கடைசியில் கிடைப்பது கந்தக அமிலம், பேட்டரியில் ஊற்றுகிறோமே அதே சரக்கு. ஆனால் அளவு மிகவும் சொற்பம். நல்ல வெயிலில்கூட காற்றின் பல லட்சம் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று.

இவ்வளவு அபூர்வமான மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்தாலும் சேர்ந்து நிற்பது கஷ்டம். பெரிய துளிக்குள் இருக்கும் மூலக்கூறைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆள் இருக்கிறது, அது நகராது. நாலைந்து பேர் மட்டும் உள்ள கூட்டத்தில் எல்லோருமே ஓரத்தில்தான் நிற்கிறார்கள், எப்போது வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம். சேர்வதும் பிரிவதுமாகவே பெரும்பாலான கூட்டங்கள் கலைந்துபோகும். பிடித்து நிறுத்த ஒரு பசை வேண்டும். அமிலத்துக்குப் பசை காரம். சாணத்திலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் அம்மோனியா கொஞ்சம் உதவும். அதைவிடக் கெட்டியான பசை அமீன்கள், கருவாட்டு வாசனையின் குடும்பம். ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 26 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி ஒன்றை வைத்து இதைச் சோதித்தார்கள். காற்றில் லட்சம் கோடிக்குச் சில பங்கு அமீன் இருந்தாலே, அம்மோனியாவோடு ஒப்பிட்டால் துகள் பிறக்கும் வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறுகிறது என்று 2013இல் தெரிந்தது.

அப்புறம்தான் மரம் வருகிறது. பழைய காலத்து டர்பன்டைன் டப்பாவைத் திறந்து முகர்ந்திருப்பீர்கள். (இப்போது அந்தப் பெயரில் விற்பதில் நிறைய வெறும் பெட்ரோலியச் சரக்கு. பைன் பிசினைக் காய்ச்சி வடித்ததைச் சொல்கிறேன்.) அந்த நெடியில் முக்கியமானது ஆல்ஃபா பைனீன். பைன் ஊசியிலைகள் விடும் ஆவியும் அதுதான். அது ஓசோனோடு மோதினால் அதில் ஒரு பகுதி அடுத்தடுத்துப் பல ஆக்சிஜன்களை இழுத்துக்கொண்டு கனத்துப்போகிறது. அப்படிக் கனத்தது இனி ஆவியாகச் சுற்ற முடியாது. எது கிடைக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். குட்டித் துகள் பருப்பது பெரும்பாலும் இந்தத் தீனியால்தான். கந்தக அமிலம் அநேகமாக இல்லாமலே, இந்த ஆவி மட்டுமே துகளைப் பிறப்பிக்கவும் செய்யும் என்று அதே ஸ்டீல் தொட்டி 2016இல் காட்டியது. எனக்கு இந்த முடிவுதான் மிகவும் பிடித்தது. ஆலைப் புகையே இல்லாத காலத்திலும் காடுகள் தங்களுக்கு மேலே மேகவிதை தூவியிருக்க முடியும் என்று ஆகிறதே.

விதை இல்லாமல் மேகம் கிடையாது என்பதை நீங்களே பார்க்கலாம். ஒரு பெட் பாட்டிலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, மூடி இறுக்கி, நன்றாக அமுக்கிவிட்டுச் சட்டென்று விடுங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு மூடியைத் திறந்து ஊதுபத்திப் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு, மறுபடி மூடி அமுக்கி விடுங்கள். பாட்டில் முழுக்க வெண்மூட்டம். அமுக்கினால் மறையும், விட்டால் திரும்ப வரும். நான் அடுப்பு மேடையில் வைத்துச் செய்து பார்த்தேன், வீட்டில் திட்டு விழுந்தது. ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1880களில் இந்த வித்தையைக் கொண்டே துகள் எண்ணும் கருவி செய்தார். ஒவ்வொரு துகளின் மேலும் நீர் படிந்து துளியாகும். கட்டம் போட்ட தட்டில் விழும் துளிகளை லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதுதான்.

இனி அழுக்கான ஊர். நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக, அழுக்கு பிறப்புக்கு எதிரி. ஒன்றிரண்டு நானோமீட்டர் துகள் கிறுக்குப் பிடித்த மாதிரி அலையும். எதில் மோதினாலும் ஒட்டிக்கொண்டு தன் கதையை முடித்துக்கொள்ளும். காற்றில் ஏற்கெனவே பெரிய துகள்கள் நிறைந்திருந்தால், விரால் நிறைந்த குளத்தில் மீன்குஞ்சு விட்ட மாதிரிதான். குஞ்சுக்கு வேண்டிய தீனி ஆவியையும் பெரியவையே வாங்கிக்கொள்ளும். சுத்தமான காட்டில் விரால் குறைவு, அதனால் குஞ்சு பிழைக்கிறது.

ஆனால் இந்தக் கணக்குப்படி ஷாங்காய் போன்ற ஊரில் புதுத் துகளே பிறக்கக் கூடாது. பிறக்கிறது! கந்தக அமிலமும் அமீனும் அங்கே ஏராளம் என்பது ஒரு காரணம். குளிர்காலத்தில் நைட்ரிக் அமிலமும் அம்மோனியாவும் சேர்ந்து குட்டித் துகள்மேல் படிந்து, அதைச் சில நிமிடங்களிலேயே ஆபத்தான பருவத்தைத் தாண்டவைக்க முடியும் என்று 2020இல் செர்ன் குழு காட்டியது. டிவியில் சொல்லும் பிஎம் 2.5 அளவில் இந்தக் குஞ்சுகள் தெரியாது. அது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள எல்லாத் துகள்களையும் சேர்த்த எடைக் கணக்கு. (ஒரு மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர்.) 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு 10 நானோமீட்டர் துகள் ஒன்றரைக் கோடி வேண்டும்.

கடைசியாகத் துண்டு. போதாது. அதன் இழைகளுக்கு நடுவிலும் கன்னத்தின் ஓரத்திலும் வெல்டிங் புகை தாராளமாகப் போய்வரும். புகையை எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய்தான் சரியான வழி. அது அமையும்வரை முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 முகக்கவசம் போடுங்கள். மிகச் சின்னத் துகளை அது நன்றாகவே பிடிக்கும், கிறுக்குத்தனமாக அலைவதால் எப்படியும் ஏதாவது ஓர் இழையில் போய் மோதிவிடும். வாயுக்களை மட்டும் அது தடுக்காது. ஜிஐ வேலையை முடிந்தவரை வெட்டவெளியில், பூச்சைச் சுரண்டிவிட்டுச் செய்யுங்கள். துண்டு வேர்வை துடைக்க இருக்கட்டும்.