அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே பிறந்த ஜாஸ் இசை உண்மையிலேயே சமூக மாற்றத்துக்கு உதவியதா?

உதவியது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பாட்டுகளைத்தான் பதிலாகச் சொல்வார்கள். கறுப்பினத்தவரை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையை 1939-இல் பில்லி ஹாலிடே பாடியது போன்றவை. முக்கியம்தான், மறுக்கவில்லை. என்னைக் கேட்டால், ஒரு கச்சேரி ஒப்பந்த நிபந்தனை அதே அளவு வேலை செய்தது.

நார்மன் கிரான்ஸ் என்று ஒரு கச்சேரி அமைப்பாளர், வெள்ளையர். 1944-இல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் தொடங்கிய கச்சேரி வரிசையின் முதல் நிகழ்ச்சியே, கொலை வழக்கில் சிக்கவைக்கப்பட்ட மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களுக்கு நிதி திரட்டத்தான். அப்புறம் ஊர் ஊராகப் போனபோது அரங்கக்காரர்களிடம் ஒரே பேச்சு: வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு ஒரு பக்கம் என்று பிரித்தால் கச்சேரி கிடையாது. இதில் அவர் லாபமும் பார்த்தார், அது வேறு விஷயம்.

1955 அக்டோபரில் கிரான்ஸும் கலைஞர்களும் இனப் பிரிவினை நிலவிய தென் மாநிலமான டெக்சாஸின் ஹூஸ்டன் போனார்கள். கழிப்பறைகளில் வெள்ளையருக்கு, கறுப்பருக்கு என்று மாட்டியிருந்த பலகைகளைக்கூடக் கிரான்ஸ் கழற்றிவிட்டார். முதல் காட்சியின்போதே மஃப்டி போலீஸ், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் ஒப்பனை அறைக்குள் புகுந்தது. உள்ளே டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி முதலானோர் பொழுதுபோகப் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். போதாதா? சூதாட்ட வழக்கு! ஒரு போலீஸ்காரர் குளியலறைப் பக்கம் ஒதுங்க, போதைப்பொருளை வைத்துவிடப் போகிறார் என்று கிரான்ஸ் பின்னாலேயே போய் நின்றார். உடனே துப்பாக்கி அவர் வயிற்றுக்கு நேராக நீண்டது. ஸ்டேஷனில் தலைக்கு 10 டாலர் ஜாமீன் கட்டிவிட்டுத் திரும்பி வந்து இரண்டாம் காட்சியையும் நடத்தினார்கள். கைது செய்து கொண்டுபோன இடத்திலேயே தன்னிடம் ஆட்டோகிராப் கேட்டார்கள் என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் பின்னாளில் சொன்னார். கிரான்ஸ் அத்தோடு விடவில்லை. அந்த ஜாமீன் பணத்தைப்போலப் பல மடங்கு செலவழித்து வழக்காடி, குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்யவைத்தார். பொது அரங்குகளில் இனப் பிரிவினையைத் தடைசெய்த கூட்டாட்சிச் சட்டம் வருவதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

சரி, எல்லாக் கலைஞர்களும் இப்படி நின்றார்களா? இல்லை. அந்த 1944 கச்சேரியில் வாசித்த கறுப்பினக் கலைஞர் நாட் கிங் கோல் 1956-இல் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் வெள்ளையர் மட்டும் அமர்ந்த அரங்கில் பாடினார். மேடையிலேயே இனவெறியர்கள் பாய்ந்து அவரைத் தாக்கினார்கள். இப்படிப்பட்ட அரங்கில் எதற்குப் பாடினீர் என்று கறுப்பினப் பத்திரிகைகளும் அவரை விளாசின. அதன் பிறகுதான் அவர் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தில் ஆயுள் உறுப்பினரானார்.