எஸ்ஆர்க்யூ (கருவி கணினியைக் கூப்பிடும் சைகை) முதல் தடவை மட்டும் வந்து அடுத்த தடவை வராமல் போவது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஜிபிஐபி-யில் (அளவுக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் பஸ்) ஒரு மல்டிமீட்டர், பைவிசாவில் (கருவிகளை இயக்கும் பைதான் நூலகம்) புரோகிராம், எதற்கெல்லாம் கருவி கூப்பிட வேண்டும் என்று சொல்லும் *ஈஎஸ்ஈ 1, *எஸ்ஆர்ஈ 32 கொடுத்தாயிற்று, ஒவ்வொரு அளவீட்டையும் தொடங்கிவிட்டு *ஓபிசி (வேலை முடிந்ததும் குறித்து வை என்ற கட்டளை) அனுப்புகிறீர்கள், முதல் சுற்றில் எஸ்ஆர்க்யூ வருகிறது, இரண்டாவதில் டைம்அவுட். கேபிளையோ டிரைவரையோ சந்தேகப்பட வேண்டாம், நீங்கள் ஈவென்ட் ரெஜிஸ்டரை (நடந்தவற்றைக் கருவி குறித்து வைக்கும் இடம்) படிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அளவீடு முடிந்ததும் ஈவென்ட் ரெஜிஸ்டரில் ஓபிசி பிட் 1 ஆகும். அதனால் கருவியின் நிலையைச் சுருக்கிச் சொல்லும் ஸ்டேட்டஸ் பைட்டில் 32 மதிப்புள்ள பிட் ஏறும், கூடவே 64-ம் ஏறி எஸ்ஆர்க்யூ கம்பி இழுக்கப்படும். இப்போது சீரியல் போல் (serial poll, பஸ் வழியாக ஸ்டேட்டஸ் பைட்டை நேரடியாகப் படிப்பது) செய்தால் 96 வரும். உடனே இன்னொரு தடவை செய்து பாருங்கள், 32 தான் வரும். அதாவது சீரியல் போல் செய்ததில் 64 மட்டும்தான் இறங்கியது, காரணமான 32 அப்படியே நிற்கிறது. 0-விலிருந்து 1-க்கு மாறும்போதுதான் கருவி புதிதாகக் கூப்பிடும், ஏற்கெனவே 1-ல் நிற்கும் பிட் எங்கிருந்து மாறும்? ஆகவே ஒவ்வொரு எஸ்ஆர்க்யூவுக்குப் பிறகும் ஈவென்ட் ரெஜிஸ்டரைக் கேட்கும் *ஈஎஸ்ஆர்? அனுப்பிப் பதிலைப் படியுங்கள். படித்தாலே அந்த ரெஜிஸ்டர் காலியாகிவிடும், 32-ம் இறங்கிவிடும், அடுத்த சுற்று ஒழுங்காக வரும்.

ஸ்டேட்டஸ் பைட்டைக் கேட்கும் *எஸ்டிபி? கேட்டால் போதாதா என்றால், போதாது. அது எதையும் அழிக்காது, எத்தனை தடவை கேட்டாலும் 96 என்றே சொல்லும். தவிர அது சாதாரணக் கட்டளை, கருவி வேலையாக இருந்தால் வரிசையில் காத்துக் கிடக்கும். சீரியல் போலுக்கு (பைவிசாவில் ரீட்_எஸ்டிபி) அந்தக் காத்திருப்பு கிடையாது.

அப்புறம் அந்த *ஈஎஸ்ஈ 1, அதையும் மாற்றிவிடுங்கள். கட்டளையில் ஒரு எழுத்து தப்பினால் அளவீடே தொடங்காது, ஓபிசி மட்டும் திறந்திருப்பதால் அந்தப் பிழை உங்கள் காதுக்கே எட்டாது. நான் எப்போதும் 61 தான் போடுவேன்: ஓபிசி 1, கேள்விப் பிழை 4, கருவி சார்ந்த பிழை 8, செயல்படுத்தும் பிழை 16, கட்டளைப் பிழை 32. எஸ்ஆர்க்யூ வந்ததும் *ஈஎஸ்ஆர்? பதில் 1 என்றால் அளவீட்டைப் படிக்கலாம், வேறு பிட் இருந்தால் முதலில் பிழைச் செய்திகள் சேரும் எரர் க்யூவைப் பாருங்கள்.

நாளைக்கு இதையே லேனுக்கு (நெட்வொர்க் இணைப்புக்கு) மாற்றுவதாக இருந்தால், 5025 போர்ட்டில் வெறும் சாக்கெட்டாக இணைத்தால் எஸ்ஆர்க்யூ கிடைக்காது. விஎக்ஸ்ஐ-11 (நெட்வொர்க்கில் கருவிகளை இயக்கும் நெறிமுறை) வழியாகப் போங்கள்.