முழு ஊரடங்கில் நாயை வெளியே கூட்டிப் போவது சரியா?

கேள்வி: முழு ஊரடங்கு போட்டிருக்கும்போது வீட்டு நாயை வாக்கிங் கூட்டிப் போகலாமா? போனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

போகலாம். என்னைக் கேட்டால் போகத்தான் வேண்டும் என்பேன். ஆனால் அது நாய்க்காகப் போகிற நடையாக இருக்க வேண்டும். நாய் பேரைச் சொல்லிக்கொண்டு நாம் காற்று வாங்கப் போகக் கூடாது. சென்னை நங்கநல்லூரில் லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி. முத்து என்ற நாட்டு நாயோடு 2020, 2021 கொரோனா ஊரடங்கு இரண்டையும் அங்கேதான் கழித்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று இரவே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். போலீஸ் பிடிப்பார்களோ, நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் மறுநாள் முத்துவை நான் கீழே இறக்கவே இல்லை. அவன் குட்டியிலிருந்தே தெருவில் போய்ப் பழகியவன். வீட்டுக்குள் ஒரு சொட்டு விடமாட்டான். பாத்ரூமுக்குள் கூட்டிப் போய் நிறுத்தினேன், மோந்து பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டான். பால்கனியில் பழைய பேப்பரை விரித்தேன், அதன் மேல் படுத்துக்கொண்டான். சாயங்காலம்தான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் ஊற்றி வைத்த தண்ணீர் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. அடக்கிக்கொண்டே இருந்தவன் குடிப்பதையும் நிறுத்திவிட்டான். அடிவயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது.

இரவு 11 மணிக்கு மனசு கேட்காமல் இறக்கினேன். கேட்டைத் தாண்டியதும் முதல் மின்கம்பத்தில் காலைத் தூக்கியவன் ஒரு நிமிடத்துக்கு மேல் இறக்கவில்லை. ஊன்றி நின்ற பின்னங்கால் வெடவெடவென்று நடுங்கியது. அப்போதும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு ‘போகலாமா கூடாதா’ என்ற கேள்வி எனக்கு எழவில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவில், கட்டியோ அடைத்தோ வளர்க்கும் நாய்க்கு நியாயமான அளவு நடமாட்டம் தராமல் விடுவதையும் வதை என்றே சேர்த்திருக்கிறது. ‘ஊரடங்கு முடியும் வரை நாயை யாரும் கீழே கொண்டுவரக் கூடாது’ என்று உங்கள் குடியிருப்பில் யாராவது சொன்னால், சண்டை போடாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். கூடவே, எந்த நேரத்தில் வருவீர்கள், எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பயந்திருப்பவர்களுக்குச் சட்டத்தை விட அந்த நேரக் கணக்குதான் ஆறுதல் தரும்.

நேரம் என்று வரும்போது, அப்போது கடைகள் காலை 6 மணிக்குத் திறந்தன. பால், காய்கறிக்கு ஜனம் மொத்தமும் அந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் தெருவில் இருந்தது. நான் காலை நாலே முக்காலுக்கு ஒரு தடவை, இரவு ஒன்பதரைக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டேன். தடவைக்குப் பத்து நிமிடம். எங்கள் தெரு முனை வரை போய்த் திரும்புவது, அவ்வளவுதான். வீட்டிலிருந்து ஒரே ஒரு ஆள். நாயோடு குடும்பமே கிளம்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை.

இரண்டாவது வாரம் ஒரு காவலர் நிறுத்தினார். “என்ன சார், இந்த நேரத்துல?” என்றார். “நாய் வீட்டுக்குள்ள போகாது சார், அதான்” என்றேன். முத்து அதற்குள் அவர் பைக் டயரை மோந்துகொண்டிருந்தான். அவர் முகத்தில் தூக்கமே இல்லை. “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. இந்தத் தெருவோட திரும்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு தெருவை நான் கடைசி வரை தாண்டவில்லை.

ஏன் இவ்வளவு கறார் என்றால், அதே வாரத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். பக்கத்துத் தெருச் சிறுபாலத்துக் கட்டையில் ஒருவர் நாயோடு உட்கார்ந்திருந்தார். சங்கிலியைத் தன் கால்மாட்டில் மாட்டியிருந்தார். எதிரே மூன்று பேர், எல்லோருக்கும் மாஸ்க் தாடைக்குக் கீழே. சிகரெட், பேச்சு, சிரிப்பு. நாய் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எங்கள் கட்டடத்து முதல் மாடியில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. வாரக்கணக்கில் வாசல் தாண்டவில்லை. முத்து இறங்குகிற சத்தம் கேட்டால் கிரில் கம்பிக்குள் கையை விட்டு “முத்து, முத்து” என்று கூப்பிடும். ஸ்பெயினில் 2020 மார்ச் 14-இலிருந்து ஏப்ரல் 26 வரை குழந்தைகள் விளையாடக்கூட வெளியே வர முடியாது, ஆனால் நாயை நடத்தப் போகலாம் என்று இருந்தது. ஒரு குழந்தைக்குக் கிடைக்காத தெரு நமக்குக் கிடைத்தது நம்மை நம்பித்தான். அதை வைத்துக்கொண்டு அரட்டை அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் குழந்தை முத்துவைத் தொட்டுப் பார்க்கக் கேட்டது. தொடவிடவில்லை. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவே இல்லை, ஆனாலும் சொன்னேன். நாயால் நோய் வரும் என்பதற்காக இல்லை. நாலு பேர் மாறி மாறித் தடவும் முதுகு, எல்லோரும் பிடிக்கிற கதவுக் கைப்பிடி மாதிரிதான். அதோடு, நாயைத் தடவ வருகிறவர் நம்மிடமிருந்து ஓரடி தூரத்தில் குனிந்து நிற்பார். ‘இப்ப வேண்டாம், எல்லாம் முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வரேன்’ என்று சொல்லிப் பழகிவிடுங்கள். சங்கிலி ஆறடிக்கு மேல் இருக்கக் கூடாது. யாராவது எதிரே வந்தால் நாம்தான் சாலையின் அந்தப் பக்கம் மாற வேண்டும். அவர்களை மாற வைக்கக் கூடாது.

தெருவை விடச் சிக்கலான இடம் மாடிப்படி. இதை யாரும் சொல்வதில்லை. எங்களைப் போன்ற பழைய கட்டடங்களில் படி மூன்றடி அகலம்தான் இருக்கும், காற்றும் ஓடாது. காலியான தெருவில் போட்டுக்கொள்ளும் மாஸ்க்கை விட வீட்டு வாசலிலேயே போட்டுக்கொண்டு இறங்கும் மாஸ்க் முக்கியம். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கீழே காலடிச் சத்தம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். ஒரு வாரத்தில் முத்துவும் திருப்பம் வந்ததும் தானாக நிற்க ஆரம்பித்தான்.

மலம் அள்ளுவது எப்போதுமே நம் பொறுப்பு. ஊரடங்கில் அது இரண்டு மடங்கு. ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது தூய்மைப் பணியாளர்கள் ஒரு நாள்கூட நிற்காமல் வந்தார்கள். நம் நாய் போட்டதை அவர்கள் கையால் எடுக்க விடக் கூடாது. நான் செய்தது இதுதான்: நாளிதழை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொள்வேன். முத்து சுற்றிச் சுற்றி வந்து குந்துகிற நேரத்தில் பேப்பரைப் பின்னால் தள்ளிவிடுவேன். தரையில் படவே படாது. வீட்டுக்கு எடுத்துவந்து மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, பேப்பரை மட்டும் தனியாகக் கவரில் கட்டிப் போடுவேன். அப்புறம் சோப்புப் போட்டுக் கை, சங்கிலியின் கைப்பிடி இரண்டையும் கழுவுவேன்.

இங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். முதல் வாரம், வெளியே போய் வந்ததும் முத்துவின் பாதங்களைக் கை சானிடைசரால் துடைத்தேன். நாலைந்து நாளில் பாதத்தின் கறுப்புச் சதை வெடிக்க ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க நக்கிக்கொண்டே இருந்தான். கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்துக் கேட்டபோது, உடனே நிறுத்தச் சொன்னார். சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் தோலை உலர்த்தும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். ஃபினாயில், பிளீச்சிங் கரைசல் பக்கமே போகக் கூடாது. சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைத்தால் போதும். அந்த நாள்களில் தெரு ஓரங்களில் பிளீச்சிங் பவுடரைக் கோடு மாதிரி தூவியிருந்தார்கள். அதில் மிதித்துவிட்டு வந்து நக்கினால் அதுவும் ஆபத்து. அதனால் ஓரத்தை விட்டு நடுத்தெருவிலேயே நடத்தினேன். வண்டி எதுவும் ஓடாததால் முடிந்தது. நாய்க்கு மாஸ்க் போட்டுவிடுவதும் வேண்டாம். நாய் வாயால் மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

சூடு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2021 மே மாத ஊரடங்கு சரியாக அக்னி நட்சத்திரத்தில் வந்தது. கூட்டம் இருக்காது என்று மத்தியானம் நாயை இறக்கியவர்களைப் பார்த்தேன். தார்ச் சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயால் நடக்க முடியாது.

நாயிடமிருந்து கொரோனா வருமா என்பதும் பலருக்கு இருந்த பயம். 2020 பிப்ரவரியில் ஹாங்காங்கில் 17 வயதுப் பொமரேனியன் ஒன்றுக்கு லேசாகத் தொற்று காட்டியது. அதன் வீட்டு மனிதர் மூலம் அதற்கு வந்தது அது. நாய்கள் இந்த நோயை மனிதர்களுக்குப் பரப்பியதாக எந்தப் பெரிய சான்றும் வரவில்லை. இன்னொரு குழப்பமும் நடந்தது. எங்கள் எதிர் வீட்டு அம்மா தன் நாயின் தடுப்பூசிப் புத்தகத்தில் ‘கொரோனா’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து அரண்டுபோனார். அது நாய்க்குக் குடலில் வரும் வேறொரு கொரோனா வைரஸ், பல வருடங்களாகத் தெரிந்தது, கோவிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உட்கார வைத்து விளக்க ஒரு மணி நேரம் ஆனது. விளக்க ஆள் இல்லாத வீடுகளில் நாயைத் தெருவில் விட்டுவிட்டார்கள். கழுத்துப் பட்டையோடு அலைந்த இரண்டு நாய்களை அந்த ஏப்ரலில் நானே பார்த்தேன்.

தெருநாய்கள் விஷயம் தனி. டீக்கடை, மெஸ், தள்ளுவண்டி எல்லாம் மூடியதும் அவற்றுக்குச் சோறு நின்றுபோனது. எப்போதும் வாலாட்டுகிற நாய்களே முத்துவைப் பார்த்துச் சீற ஆரம்பித்தன. ஒரு நாள் காலை ஐந்து நாய்கள் சூழ்ந்துகொண்டன. ஓடவில்லை, கத்தவில்லை. முத்துவை என் கால்களுக்கு இடையில் இழுத்து நிறுத்திக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் தனியாகப் போய், தெரு முனையில் ஒரே இடத்தில் சோறும் தண்ணீரும் வைத்தேன். முத்துவோடு போகும்போது ஒருபோதும் வைக்கவில்லை, அப்படி வைத்தால் அதுவே சண்டைக்குக் காரணமாகும். நாலைந்து நாளில் சீறல் அடங்கியது. உங்கள் நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேதி தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரடங்கிலும் கால்நடை மருத்துவமனைகள் இயங்க அனுமதி இருந்தது.

2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் மறுபடி கடுமையான ஊரடங்கு. எங்கள் கட்டடத்திலேயே ஒரு வீட்டில் தொற்று. அப்போதுதான் மொட்டை மாடிப் பழக்கத்தை ஆரம்பித்தேன். கொத்தனார்கள் கலவை சுமக்கும் இரும்புச் சட்டி ஒன்றை எடுத்து, முத்து வழக்கமாகக் காலைத் தூக்கும் வேப்பமரத்தடி மண்ணையே அள்ளி நிரப்பி மாடி மூலையில் வைத்தேன். காலையில் எழுந்ததும் முதலில் அங்கே. முதல் ஆறு நாள் மோந்துவிட்டுத் திரும்பிவிட்டான். ஏழாவது நாள் தூக்கினான். நான் போட்ட கூச்சலில் அவனே பயந்து பாதியில் நிறுத்திவிட்டான். அடுத்த நாளிலிருந்து பழகிக்கொண்டான். நல்ல நாளிலேயே இதைப் பழக்கி வையுங்கள். அவசரத்தில் பழக்குவது நாய்க்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

இன்னொன்று, நீங்கள் படுத்துவிட்டால் நாயை யார் பார்ப்பது? 2021 மே மாதம் எனக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் காய்ச்சல், இரண்டு பேருக்கும் பாசிட்டிவ். மாடி ஏறக்கூட மூச்சு இல்லை. நல்லவேளையாக, இரண்டாவது மாடிக் கல்லூரிப் பையனிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். அவனோடு முத்து நாலைந்து தடவை நடந்து பழகியும் இருந்தான். முத்து எவ்வளவு சாப்பிடுவான், எந்த மருந்து, எந்த மருத்துவரின் எண், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கள் சங்கிலி வேண்டாம் என்று அவன் புதுக் கயிறும் கையுறையும் வாங்கி வைத்திருந்தான். நான் கதவை மட்டும் திறந்துவிட்டு உள்ளே தள்ளி நின்றுகொள்வேன். அவன் கீழ்ப் படியிலிருந்து குரல் கொடுப்பான்.

முதல் நாள் முத்து இறங்கவில்லை. நாலு படி போய்விட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்று என்னைப் பார்த்தான். “போடா, அண்ணன் கூட போயிட்டு வா” என்றேன். இருமல் வந்துவிட்டது. மறுபடி நாலு படி, மறுபடி திரும்பல். மூன்றாவது தடவை பையன் பிஸ்கட் கவரைச் சலசலக்க வைத்ததும் இறங்கினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மின்கம்பத்தில் காலைத் தூக்கியபடியே தலையைத் திருப்பி மூன்றாவது மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினான்கு நாள் கழித்து நானே சங்கிலியை எடுத்தேன். அன்றும் பத்து நிமிடம்தான் நடந்தோம்.