பைபோலர் உள்ள மகளுக்கு மனநிலை சீரான பிறகும் படிப்பில் கவனம் நிற்கவில்லை, இது சோம்பலா?

களுவாஞ்சிகுடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மருந்தால் மகளின் மனநிலை அடங்கிவிட்டது, ஆனாலும் எட்டாம் தரப் பாடங்களில் கவனம் நிற்கவில்லை, பாடசாலை என்றாலே பயப்படுகிறாள், கவனத்துக்கும் தனியாக மாத்திரை வேண்டுமா என்று. மட்டக்களப்பில் இதே பைபோலர் நோயுள்ள (மனநிலை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) மகனை வளர்க்கும் தாய் என்ற முறையில் எழுதுகிறேன்.

சோம்பல் என்ற எண்ணத்தை ஒதுக்கிவிடுங்கள். எழுச்சியும் சோர்வும் தணிந்திருக்கும் காலத்திலும் நீண்ட நேரம் கவனித்தலும் கேட்டதை மனதில் வைத்திருத்தலும் இந்நோயுள்ள பலருக்குக் குறைவாகவே இருக்கும். கவனக்குறைவுக் கோளாறும் பதற்றக் கோளாறும் கூடவே இருப்பதும் வழமையே. இவை எல்லாம் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதுதான் சிக்கல். என் மகன் கணக்குக் கொப்பியில் ஒரு வரி எழுதி, அழிறப்பரால் அழித்து, தாள் கிழியும் வரை அதையே திரும்ப எழுதுவான். ரியூசன் ஆசிரியர் அதைக் கவனமின்மை என்றார். விடையைத் திருத்தப் போவதில்லை என்று நான் சொன்னபோது அவன் மளமளவென்று எழுதி முடித்ததால், அது பிழை வந்துவிடுமோ என்ற பயம் என்று விளங்கியது.

கவனக்குறைவுக் கோளாறு 12 வயதுக்கு முன்பே தலைகாட்டி, மனநிலை எப்படியிருந்தாலும் தொடரும். மனநிலையால் வரும் கவனச்சிதறலோ அதனோடு கூடிக் குறையும். ஆகவே தூக்கம், மனநிலை, பயம் மூன்றையும் நாளாந்தம் ஒரு கொப்பியில் குறித்து, அதைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

கவனத்துக்கான மெதைல்பெனிடேற் என்ற மாத்திரையை மனநிலை உறுதிப்பட்ட பின்னரே பொதுவாக யோசிப்பார்கள். பதற்றத்துக்குக் கொடுக்கும் மனச்சோர்வு நீக்கிகள் சில பிள்ளைகளில் எழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், சிந்தனை நடத்தைச் சிகிச்சையை (பேச்சு வழியாக எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை) முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். அவள் மனநிலையைச் சீராக்கும் லிதியம் என்ற மருந்தை எடுப்பவளாயின் (நீங்கள் அதை எழுதவில்லை), நம்மூர் வெயிலில் வியர்த்தாலோ, தண்ணீர் குடிக்காமல் விரதமிருந்தாலோ, வயிற்றோட்டம் வந்தாலோ இரத்தத்தில் அதன் அளவு ஏறி மந்தம் உண்டாகலாம். லிதியம் தைரொயிட் சுரப்பியின் வேலையையும் குறைக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

பயத்துக்காக வீட்டிலேயே மறித்து வைத்தால் பயம் வளரும். வகுப்பாசிரியரோடு பேசி, பிடித்த பாடவேளைகளுக்கு மட்டும் முதலில் அனுப்புங்கள். குறைந்த நேரமே தூங்கியும் களைப்பின்றித் துள்ளுகிறாள் என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். யாரிடமாவது உடனே கேட்க வேண்டுமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.