கண்மாய்ச் சேற்றில் புதையும் பிக்கப்புக்கு எந்த வின்ச்?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஐயா, இரண்டு கண்மாய்களில் மீன் பாசி குத்தகை எடுத்திருக்கிறேன். வலை, ஐஸ் பெட்டி, பிடித்த மீன் எல்லாம் ஏற்ற ஒரு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கிறேன். ஆர்.சி.யில் சுமையோடு சேர்த்து மொத்த எடை 2,900 கிலோ என்று இருக்கிறது. போன மாசியில் கண்மாய் உள்வாயில் இரண்டு தடவை புதைந்துவிட்டது. டிராக்டர் வந்து சேர்வதற்குள் ஐஸ் உருகி, பாதி மீனை வந்த விலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. முன்பக்கம் ஒரு வின்ச் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கடையில் 9,500 பவுண்டு போதும் என்கிறார்கள். நண்பர் 12,000 வாங்கச் சொல்கிறார். இரும்பு வடம் நல்லதா, கயிறு நல்லதா? என் பேட்டரி தாங்குமா?"

வின்ச் என்றால், மோட்டார் சுழற்றும் டிரம்மில் கயிற்றைச் சுற்றிச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி. பவுண்டு கணக்கு அதன் இழுவைப் பலத்தைச் சொல்வது. முதலில் நேரான பதில். 12,000 பவுண்டு, கயிறு போட்டது, சீரிஸ் மோட்டார் (நீண்ட நேரம் இழுத்தாலும் சீக்கிரம் தளராத வகை) உள்ளது. அதோடு ஒரு நல்ல கப்பி. கப்பி இல்லாமல் வின்ச்சை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போன மாசியில் வண்டி புதைந்தபோது அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்த்து நின்றது? தண்ணீரைப் பார்த்துத்தான் நின்றிருக்கும். எல்லாரும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டு போகிறோம். முன்பக்கம் மாட்டிய வின்ச் முன்பக்கம்தான் இழுக்கும். அங்கே இருப்பது தண்ணீரும், இன்னும் ஆழமான சேறும். கட்டிப் பிடிக்க ஒரு மரம்கூட இருக்காது. காய்ந்த தரையும் பனைமரமும் உங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வின்ச்சாக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு பயனும் இல்லை.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. உள்வாயில் இறங்கும்போது ரிவர்ஸில் போங்கள். பின்கதவு தண்ணீர்ப் பக்கம் இருந்தால் மீன் ஏற்றவும் வசதி. வண்டியின் மூக்கு கரையைப் பார்த்து நிற்கும். புதைந்தால் வின்ச் உங்களை வந்த தடத்திலேயே வெளியே இழுக்கும். ஏற்கெனவே வண்டி ஏறி அழுத்திய தடம் என்பதால் அந்தப் பக்கம் வெளியேறுவதுதான் எப்போதும் சுலபம். இந்தப் பழக்கம் உங்களுக்கு ஒத்துவராது என்றால், கழற்றி மாட்டும் தொட்டில் வகை வின்ச்சைப் பாருங்கள். முன்னும் பின்னும் சேசிஸில் ஒரு சதுரக் குழாய் பொருத்திவிட்டால் தேவையான பக்கம் செருகிக்கொள்ளலாம். ஆனால் வின்ச்சும் தொட்டிலும் சேர்ந்து 40 கிலோவைத் தாண்டும். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு அதைத் தூக்கி மாட்டுவது இரண்டு ஆள் வேலை. என்னைக் கேட்டால் ரிவர்ஸில் போகப் பழகுவதே மேல்.

சரி, இப்போது பவுண்டு கணக்கு. வண்டியின் மொத்த எடையைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. மொத்த எடை என்றால் சுமையோடு. உங்களுக்கு 2,900 கிலோ, ஒன்றரை மடங்கு 4,350 கிலோ. 9,500 பவுண்டு என்பது 4,309 கிலோ. கடைக்காரர் சொன்னது அந்தக் கணக்கை ஒட்டித்தான் வருகிறது, 41 கிலோதான் குறைவு. தார்ச் சாலையோரச் சரளையில் இறங்கிவிட்ட வண்டிக்கு அது தாராளம். கண்மாய்க்குப் போதாது.

நம் பக்கத்துக் கண்மாய் உள்வாய் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடக்கும். நடந்து போனால் கால் புதையாது. ஆனால் அந்த ஓட்டுக்குக் கீழே கரம்பை ஈரமாகவே இருக்கும். மூன்று டன் ஏறினதும் ஓடு உடையும், சக்கரம் இறங்கும், களிமண் நாலு பக்கமும் கவ்விப் பிடிக்கும். வண்டியின் எடையை மட்டும் இழுத்தால் போதாது, அந்தப் பிடியையும் சேர்த்து இழுக்க வேண்டும். ராணுவ மீட்புப் பணியில் ஒரு கைக்கணக்கு உண்டு. சக்கர உயரம் புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே போனால் மூன்று மடங்கு. சரிவில் ஏற்றி இழுத்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கு கூடும். உங்கள் வண்டி மட்கார்டு வரை புதைந்தால் 5,800 கிலோ இழுவை தேவை. 12,000 பவுண்டு என்பது 5,443 கிலோ. அதுவும் போதாது என்பதைக் கவனியுங்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 5,443 கிலோ, டிரம்மில் கடைசி ஒரே ஓர் அடுக்கு கயிறு மிச்சமிருக்கும்போது மட்டும் கிடைப்பது. கயிறு அடுக்கு அடுக்காக ஏறினால் டிரம் பருமனாகும். பருமன் கூடக் கூட அதே மோட்டார் இழுக்கும் பலம் குறையும். நான்காவது அடுக்குக்கு வரும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். வின்ச்சுக்கு வின்ச் இது கொஞ்சம் மாறும், கூடவே வரும் அட்டவணையில் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் 12,000 பவுண்டு வின்ச் 3,600 கிலோவுக்கும், 9,500 பவுண்டு வின்ச் 2,900 கிலோவுக்குக் கீழேயும் வந்துவிடும்.

புதுவயல் பக்கம் ஒரு கண்மாயில் இதை நான் நேரில் பார்த்தேன். புதைந்த வண்டிக்காரரிடம் இருந்தது 12,000 பவுண்டு வின்ச்தான். ஆறு மீட்டர் தூரத்தில் ஒரு பனை கைக்கு வாகாக இருந்ததால் அதிலேயே கட்டிவிட்டார். டிரம் நிறையக் கயிறு. மோட்டார் முனகியது, கருகல் வாசனை வந்தது, வண்டி அசையவில்லை. அரை மணி நேரம் மோட்டாரை ஆறவிட்டோம். அப்புறம் கயிற்றை நன்றாக உருவி, தள்ளியிருந்த இன்னொரு பனையில் கப்பியை மாட்டி, கயிற்றின் நுனியை வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்து சேசிஸ் கொக்கியில் மாட்டினோம். அதே வின்ச், அதே பேட்டரி. வண்டி மெதுவாக ஏறி வந்தது.

கப்பியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, செட்டிநாட்டு வீட்டுக் கிணறு எல்லாவற்றிலும் அது உண்டு. ஆனால் கிணற்றுக் கப்பி திசையை மட்டும் மாற்றும், பலத்தைக் கூட்டாது. மரத்தில் கட்டிய கப்பி வழியாகக் கயிறு வண்டிக்கே திரும்பி வரும்போது இரண்டு இழைகள் வண்டியை இழுக்கின்றன. இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். உராய்வில் பத்தில் ஒரு பங்கு போனாலும் 12,000 பவுண்டு வின்ச் 9,800 கிலோ வரை இழுக்கும். வேகம் பாதியாகும். மீன் வண்டிக்கு அது ஒரு குறையே இல்லை. கயிறு இரண்டு மடங்கு உருவ வேண்டியிருப்பதால் டிரம்மில் அடுக்கும் குறைகிறது, அது இன்னொரு லாபம். கப்பி வாங்கும்போது அதன் தாங்குதிறன் வின்ச்சைப் போல் இரண்டு மடங்கு இருக்கட்டும். உங்களுக்கு 11 டன்னுக்குக் குறையக் கூடாது. கட்டடம் கட்டுகிறவர்கள் சாரத்தில் மாட்டும் கப்பியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது உடைந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பேட்டரி பற்றிக் கேட்டீர்கள். 12 வோல்ட் வின்ச் முழுப் பலத்தில் இழுக்கும்போது 400 ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். ஆல்டர்னேட்டர் கொடுப்பது 100 சொச்சம். மிச்சம் முழுவதும் பேட்டரியிலிருந்து போகிறது. அதனால் இன்ஜினை நிறுத்தாமல், கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் இழுத்தால் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இன்னும் ஆறட்டும். பேட்டரி பழையது என்றால் முதலில் அதை மாற்றுங்கள். புதிது வாங்கும்போது கோல்ட் கிராங்கிங் எண் (குளிரில் இன்ஜினைக் கிளப்ப பேட்டரி தரக்கூடிய ஆம்பியர்) 650-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பி போட்டால் மோட்டாருக்குச் சுமை பாதியாகும், கரண்டும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே இரண்டாவது பேட்டரி வைக்க உங்களுக்கு அவசியமில்லை. வின்ச்சுக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் மட்டும் கட்டாயம் போடுங்கள்.

மோட்டாரில் நிலைக்காந்த வகை விலை குறைவு, கரண்டும் குறைவாக எடுக்கும். ஆனால் நீண்ட நேரம் இழுத்தால் சீக்கிரம் சூடேறித் தளர்ந்துவிடும். சேற்று வேலை என்பதே நீண்ட நேர வேலை, எனவே சீரிஸ் மோட்டார். தூசியும் நீரும் புகாமல் தாங்கும் தரத்தைக் காட்டும் குறியீடு ஐபி 67 அல்லது 68 என்று போட்டிருக்க வேண்டும். 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. ஹைட்ராலிக் வின்ச் லாரிக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் பொருத்தம், உங்களுக்கு வேண்டாம்.

இரும்பு வடமா கயிறா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கண்மாயில் வண்டி புதைந்தால் ஊரே கூடும், சிறுவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். இரும்பு வடம் இழுவையில் நிறைய விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும், காலை வெட்டும். நீங்கள் கயிறு என்று சொன்னது டைனீமா போன்ற பாலிஎத்திலீன் இழைக் கயிறு. எடை மிகக் குறைவு, தண்ணீரில் மிதக்கும், அறுந்தாலும் இரும்பு அளவுக்குச் சீறாது. அதற்கு மூன்று எதிரிகள்: வெயில், மணல், சூடு. நம் ஊர் வெயிலுக்கு டிரம்மின் மேல் ஒரு உறை வேண்டும். சேற்றில் பயன்படுத்திய அன்றே முழுவதும் உருவி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். இழைக்குள் புகுந்த செம்மண் மணல் உள்ளிருந்தே அறுக்கும். சூடு எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலான வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. பாரத்தோடு கயிற்றை வெளியே விட்டால் டிரம் கொதிக்கும். வண்டியைச் சரிவில் இறக்க வின்ச்சைப் பயன்படுத்தாதீர்கள். கயிறு வெளிவரும் வாயில், வழவழப்பான அலுமினியத் துளை இருக்க வேண்டும். இரும்பு வடம் ஓடித் தேய்ந்த ரோலரில் கயிற்றைப் போட்டால் ஒரு வாரத்தில் பிசிறிவிடும். டிரம்மில் எப்போதும் பத்துச் சுற்று மிச்சம் இருக்கட்டும்.

எதில் கட்டுவது? பனைதான் நமக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். வேர்கள் கொத்துக் கொத்தாக மண்ணைப் பிடித்திருக்கும். அகலப் பட்டை போட்டு, அடிமரத்தில் தரையை ஒட்டிக் கட்டுங்கள். கயிற்றை நேரடியாகச் சுற்றினால் மரமும் காயப்படும், கயிறும் கெடும். மண் அரித்து வேர் வெளியே தெரியும் பனையை விட்டுவிடுங்கள். சீமைக் கருவேலில் விரல் விரலாகப் பிரிந்த தண்டுகளை நம்ப வேண்டாம். பனை தூரத்தில் இருந்தால் நீட்டிப்புப் பட்டை ஒன்று 20 மீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். அதை மரத்துக்கும் கப்பிக்கும் நடுவில் போட வேண்டும். மரமே இல்லாத இடத்தில், காய்ந்த மேட்டில் ஒரு மீட்டர் ஆழம் குழி வெட்டி, ஸ்டெப்னி டயரைப் பட்டையோடு செங்குத்தாகப் புதைத்து, பட்டை வெளிவரச் சரிவாக வாய்க்கால் வெட்டினால் அதுவே நங்கூரம். பட்டையையும் கப்பியையும் இணைக்கும் ஷேக்கிளும் (ஊசி போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) கப்பியின் அளவுக்குத் தாங்குதிறன் பொறித்ததாக வாங்குங்கள். கொக்கியைச் சேசிஸில் போல்ட் போட்ட இடத்தில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டவே கூடாது. அது பிய்ந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

இழுக்கும் முன் மண்வெட்டியை எடுங்கள். சக்கரத்துக்கு முன்னாலும் வண்டியின் வயிற்றுக்குக் கீழும் பத்து நிமிடம் வெட்டினால், இரண்டு மடங்காக இருந்த இழுவை ஒரு மடங்காகக் குறையும். டயர் காற்றை 18 அல்லது 20 பி.எஸ்.ஐ.-க்கு இறக்குங்கள். சக்கரத்துக்கு முன்னால் பனை மட்டை போடுங்கள், கருவேலங்கிளை வேண்டாம், முள் டயரைக் குத்தும். கயிற்றின் நடுவில் கனமான சாக்கையோ ஈரப் போர்வையையோ போட்டுவிட்டு, கூட்டத்தைக் கயிற்று நீளத்தைவிட அதிக தூரத்துக்குத் தள்ளி நிறுத்துங்கள். கப்பி போட்டிருந்தால் இரண்டு இழைக்கும் நடுவில் ஒருவர்கூட நிற்கக் கூடாது.

முன்பக்கம் பெரிய இரும்பு பம்பர் போடச் சொல்வார்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், முன்பக்க இரும்புத் தடுப்பு மாட்டிய வண்டிகள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. ஆகவே கம்பெனி பம்பருக்குப் பின்னால் சேசிஸில் மறைவாகப் பொருத்தும் தட்டு கிடைக்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் சென்சாரை அது தொடக் கூடாது. வேலை ஆரம்பிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த அளவு வின்ச்சுகளின் போல்ட் துளைகள் பெரும்பாலும் 10-க்கு நாலரை அங்குலம். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

மாட்டி முடித்ததும் மாசி வரை காத்திருக்காதீர்கள். தை மாதத்திலேயே காய்ந்த பொட்டலில், லேசான ஏற்றத்தில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஒரு பனையில் கட்டி, தன்னைத் தானே இழுத்து ஏற விடுங்கள். புதுக் கயிறு டிரம்மில் இறுக்கமாக, வரிசையாகச் சுற்றிக்கொள்வதற்கு இது கட்டாயம். தளர்வாகச் சுற்றிய கயிற்றை முதல் தடவையே சேற்றில் இழுத்தால் மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும். அன்றைக்கே உங்களோடு வலைக்கு வரும் இரண்டு பேருக்கும் கப்பி மாட்டவும் ரிமோட்டில் வின்ச்சை நிறுத்தவும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.