சிஸ்டர் மாறிப்போனதும் சீழ் திரும்புவது ஏன்?

ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) பொறுப்புச் செவிலியர் ஒருவர் கேட்கிறார்: "போன வருஷம் பயிற்சி, தினசரி சோதனை என்று முனைந்து செய்ததில் ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிப்பது நன்றாகக் குறைந்தது. அதை முன்னின்று நடத்திய சிஸ்டர் மாறிப்போனார். இப்போது மறுபடி ஏறுகிறது. இன்னொரு பயிற்சி வைத்தால் போதுமா?"

போதாது. உங்கள் ஆட்களுக்கு விஷயம் தெரியும். அந்த சிஸ்டர் ஞாபகப்படுத்தியதால் நடந்த வேலை, அவர் போனதும் நின்றுவிட்டது. யார் டியூட்டியில் இருந்தாலும் நடக்கிற மாதிரி வேலையையே மாற்றி அமைக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் ஊசியிலிருந்து தொடங்குங்கள். காலை 6 மணிக்கு வார்டிலேயே செஃபாசோலின் என்ற ஆன்டிபயாடிக்கைப் போட்டு அனுப்புவார்கள். முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டே போகும். நோயாளி மேஜைக்கு வரும்போது மணி 11. கத்தி வைக்கும் நேரத்தில் ரத்தத்தில் மருந்து பெருமளவு குறைந்திருக்கும். ஆனால் கேஸ் ஷீட்டில் டிக் சரியாக இருக்கும்! இந்த மருந்து கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போக வேண்டும். அதனால் வார்டில் போடுவதை நிறுத்திவிட்டு, மயக்க மருந்து டிராலியில் வையுங்கள். ஊசி போட்ட மணி, கீறிய மணி இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ரேசரும் அப்படித்தான். ஆபரேஷனுக்கு முன் சவரம் கூடாது என்று போர்டு வைப்பதைவிட, ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் பட்டியலிலிருந்தே (இண்டெண்ட்) பிளேடை எடுத்துவிடுங்கள். முடியை அகற்றியே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர் (முடி வெட்டும் மெஷின்) போதும்.

கென்யா, உகாண்டா, சாம்பியா, ஜிம்பாப்வே நாடுகளின் 5 மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இதே மாதிரியான சாதாரண வேலைகளைச் செய்தார்கள். 8 சதவீதமாக இருந்த ஆபரேஷன் புண் தொற்று 4-க்கும் கீழே வந்தது. அங்குள்ள குழுக்களே தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொண்டு செய்த வேலை அது.

அப்புறம், உங்கள் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். நோயாளி நான்காம் நாள் வீட்டுக்குப் போகிறார், பத்தாம் நாள் தையல் பக்கம் சிவந்து நீர் கசிகிறது, பக்கத்துத் தெரு கிளினிக்கில் டிரெஸ்ஸிங் செய்துகொள்கிறார். உங்கள் ரெஜிஸ்டரில் அது வராது. 30-ஆம் நாள் போன் செய்து கேளுங்கள். மூட்டு மாற்று போல உள்ளே பொருள் வைத்த கேஸ் என்றால் 90 நாள் வரை தொடர வேண்டும். அந்த வேலையை இரண்டு பேருக்குப் பழக்கிவிடுங்கள், ஒருவர் லீவு போட்டாலும் நிற்காது.

போன் செய்யத் தொடங்கிய முதல் மாதம் எண்ணிக்கை கூடித்தான் தெரியும். அதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.