மேக்ஸ்வினி ஜெயில் கடிதங்கள்: அக்கா பேப்பர்லயும் தேடுங்க

அயர்லாந்து சுதந்திரப் போராளி, கார்க் நகர மேயர் டெரன்ஸ் மேக்ஸ்வினி 1920ல லண்டன் பிரிக்ஸ்டன் ஜெயில்ல உண்ணாவிரதம் இருந்தப்போ எழுதுன கடிதமெல்லாம் அவர் பேர்ல இருக்கற கலெக்‌ஷன்ல கம்மியா இருக்கே, தொலைஞ்சு போச்சான்னு கேட்டிருந்தீங்க. அவசரப்பட்டு அப்படி முடிவு பண்ணாதீங்க பாஸ். 74 நாள் சாப்பிடாம கெடந்து அக்டோபர் 25ல செத்த மனுஷன், கடைசி வாரங்கள்ல தன் கையால எவ்ளோ எழுதியிருக்க முடியும்? அப்போ பக்கத்துல இருந்தது குடும்பம்தான், அதனால அக்கா மேரியோட பேப்பரையும் சேர்த்துப் பாருங்க. டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜ் (யுசிடி) ஆர்க்கைவ்ஸ்ல மேரி பேப்பரோட கேட்டலாக் நம்பர் பி48ஏ, டெரன்ஸது பி48பி, ரெண்டும் தனித்தனி.

ஒரு குழப்பம் வரும், கவனமா இருங்க. மேரியும் 1922 நவம்பர்ல டப்ளின் மவுண்ட்ஜாய் ஜெயில்ல 24 நாள் உண்ணாவிரதம் இருந்தாங்க, தங்கச்சி ஆனி வெளிய ஜெயில் கேட் பக்கத்துலயே உக்காந்து சாப்பிடாம இருந்தாங்க (என்ன குடும்பம்யா இது!), அதனால வெறும் மேக்ஸ்வினி, ஜெயில், உண்ணாவிரதம்னு தேடுனா ரெண்டும் கலந்து வரும், வருஷத்த பாத்துட்டு நோட்ஸ் எடுங்க. 1916 ஈஸ்டர் எழுச்சிக்கு (டப்ளின்ல பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்து நடந்த கிளர்ச்சி) அப்புறம் டெரன்ஸ் இங்கிலாந்து ரெடிங் ஜெயில்ல இருந்த கதையும் வேற.

அயர்லாந்து நேஷனல் லைப்ரரில ஆர்ட் ஓ'பிரையன் பேப்பர் இருக்கு, அப்போ லண்டன்ல சின் ஃபெய்ன் (அயர்லாந்து சுதந்திரம் கேட்ட கட்சி) வேலையெல்லாம் பாத்தது அவர்தான். அதையும் விட்றாதீங்க. அப்புறம் 1920 டிசம்பர்ல மேரியும் டெரன்ஸோட மனைவி மியூரியலும் வாஷிங்டன்ல அயர்லாந்து நிலைமை பத்தின விசாரணைக் கமிஷன் முன்னாடி குடுத்த சாட்சியம் அச்சுலயே இருக்கு, எனக்குக் கேட்டா அதத்தான் மொதல்ல படிக்கச் சொல்வேன்.